எட்டுப் பேர் பிடித்த தட்டு

தங்கை மதிவதனியோடு தானோட்டி வண்டியில் ஏறிவிட்டேன் என்று போனில் கேட்டதும் பூங்கோதை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும், அப்பாடா, வண்டி கிடைத்ததே என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஊரே அந்த வண்டியை அப்படித்தான் நம்புகிறது. டிரைவர் கிடையாது. அதனால் தூங்காது, குடிக்காது, முன்னால் போகிற பஸ்ஸோடு ரோஷப்பட்டுப் போட்டி போடாது. அது எப்படி மலை இறங்குகிறது என்கிற சூட்சுமம் கோயம்புத்தூரில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருத்தியாகப் பிறந்து தொலைத்தோமே என்று அந்த நிமிடம் பூங்கோதை தன்னையே நொந்துகொண்டாள்.

போனில் பேசியது தங்கையின் கணவன் திருமூர்த்தி. வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கண்காணிப்பாளர். வளைகாப்பு முடிந்த கையோடு பிறந்த வீட்டுக்கு வாடி என்று எல்லாரும் கெஞ்சியும், இந்த மனுசனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது, பொங்கல் கழித்து வருகிறேன் என்று மதிவதனி மலையிலேயே தங்கிவிட்டாள். பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது ரத்தப்போக்கு ஆரம்பித்துவிட்டது. அங்கிருந்த ஆம்புலன்ஸ் ஏற்கெனவே வேறொரு கேஸுக்காகக் கீழே போயிருந்தது.

“பயப்படாதீங்க்கா. டாக்டரம்மா ஊசி போட்டுத்தான் அனுப்பியிருக்காங்க. இருட்டறதுக்குள்ள பொள்ளாச்சி போயிரணும், ரத்தம் ஏத்தணும்னு சொன்னாங்க” என்றான் திருமூர்த்தி. அவனுடைய குரல்தான் பயந்திருந்தது.

“ரோடு எப்படி இருக்குது மாப்ள?”

“ஒரே பனிங்க. முன்னாடி ஒண்ணுமே தெரியல. ஆனா வண்டிக்குத் தெரியுமாமல்லங்க?”

வண்டிக்கும் தெரியாது என்று பூங்கோதை சொல்லவில்லை. வண்டி நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, போனை வைத்துவிட வேண்டாம் என்றாள்.

இந்த இடத்தில் ‘தட்டு’ விளையாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரௌசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். பெயர் கேட்காது, போன் நம்பர் கேட்காது, எதையும் இறக்கிக்கொள்ளச் சொல்லாது. ஒரு மூச்சு விடுவதற்குள் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிற எட்டுப் பேர் ஒரு தட்டின் விளிம்பைப் பிடித்திருப்பார்கள். தட்டில் வளைந்து வளைந்து ஒரு பள்ளம் ஓடும். அதில் ஒரு கோலிக்குண்டு உருளும். விரலை நகர்த்தினால் உங்கள் பக்கத்து விளிம்பு ஏறும், இறங்கும். எட்டுப் பேருடைய சாய்ப்பும் ஒன்றுகூடித்தான் குண்டு எங்கே போவது என்று முடிவாகும். குறுக்கே கட்டை வரும், பள்ளத்தின் ஓரம் உடைந்திருக்கும். குண்டு விழாமல் மறுமுனைக்குப் போனால் ஜெயம். மேனேஜர் எழுந்து உங்கள் மேஜைக்கு நடந்து வருவதற்குள் ஓர் ஆட்டமே முடிந்துவிடும்.

ப்பூ, இவ்வளவுதானா என்று கேட்கிறவர்கள் ஒருமுறைகூட ஆடிப் பார்க்காதவர்கள். வீட்டில் டிவி ரிமோட்டுக்கு இரண்டு பேர் ஒத்துப்போவதில்லை. ஆபீஸில் ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்பதில் தினமும் மனஸ்தாபம். இங்கே என்னடாவென்றால், முகம் தெரியாத ஏழு பேர், நீங்கள் இடது பக்கம் சாய்க்க நினைக்கும் அதே கணத்தில் இடது பக்கம் சாய்க்கிறார்கள். குண்டு மயிரிழையில் தப்பிக்கிறது. நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. உடனே அவரவர் வழியில் போய்விடலாம், நலம் விசாரிக்க வேண்டியதில்லை, பிறந்தநாளை ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. சரி, இன்னும் ஒன்றே ஒன்று ஆடிவிட்டு எழுந்துவிடலாம் என்று தோன்றும்.

அந்த ‘இன்னும் ஒன்றே ஒன்று’தான் பூங்கோதையின் வேலை. ஆடுகிறவர்களை எழுந்து போகவிடாமல் உட்கார வைப்பது. தோற்ற ஆட்டத்தின் முடிவில் குண்டை ஒரு கணம் விளிம்பிலேயே நிறுத்தி, அய்யய்யோ கொஞ்சத்தில் போச்சே என்று ஏங்க வைப்பது அவள் யோசனை. மேலதிகாரி எட்டிப் பார்த்தால் ஒரே தட்டலில் கணக்கு அட்டவணை மாதிரி மாறிவிடுகிற திரையும் அவள் யோசனை. விளம்பரம்கூட இல்லாத ஒரு விளையாட்டை வைத்துக்கொண்டு கம்பெனி எப்படிப் பிழைக்கிறது என்று அவள் அவ்வப்போது யோசித்ததுண்டு. சம்பளம் ஒழுங்காக வந்ததால் ரொம்பவும் யோசிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சொன்னவர் சபாபதி சார், அவளுக்கு மேலே இருக்கிற மூத்த இன்ஜினியர், அதிர்ந்து பேசாத மனிதர். கேன்டீனில் டிபன்பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, வானிலை சொல்கிற மாதிரி சொன்னார்.

“நம்ம கம்பெனி நடக்கறதே தானோட்டிக்காகத்தான் கண்ணு. சமவெளியில அதுக்கு யாருமே வேண்டாம். மலையிலதான் திணறுது. பனி, உடைஞ்ச சுவரு, எதுக்க வர்ற பஸ்ஸு பின்னாடி எடுக்குது, நடு ரோட்டுல வரையாடு நிக்குது. மிசினுக்குச் சந்தேகம் வந்துருது. நிறுத்தினா பின்னாடி வர்ற லாரிக்காரன் இடிச்சுப்போடுவான். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மனுசப் புத்தி வேணும்.”

“அதுக்கு டிரைவரையே வெச்சுக்கலாமுங்களே சார்?”

“வெச்சுப் பாத்தோம். ரூம்ல ஸ்டியரிங்கைக் குடுத்து உக்கார வெச்சோம். நாள் பூராவும் சும்மா இருக்கறான், திடீர்னு ஒண்ணு வந்தா கை பதறுது. ஆடறவன் எப்பவும் முழிச்சிருக்கறான். எட்டுப் பேர் சேந்துட்டா ஒருத்தன் பண்ற தப்பு மத்தவங்க கையில சரியாயிருது.”

மலைரோடு பள்ளமாகிறது, பஸ் கட்டையாகிறது, வண்டி குண்டாகிறது. ஆடுகிற ஆட்டங்களில் பெரும்பாலானவை பழைய ரோடுகளின் பதிவு, வெறும் பயிற்சி. நடுவில் ஒன்று நிஜம். எது நிஜம் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. நிஜ ஆட்டம் பழகின கைகளுக்கு மட்டும்தான் போகும். இதையெல்லாம் கேட்ட பூங்கோதை, கையில் எடுத்த சோற்றைத் திரும்ப வைத்துவிட்டாள்.

“குண்டு விழுந்தா?”

“பெரும்பாலும் வண்டி தானா நின்னுரும்.”

“பெரும்பாலும்னா?”

சபாபதி சார் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அன்றைக்கு அவள் அவரோடு மல்லுக்கட்டினாள். ஆடுகிறவர்களிடம் சொல்லியாக வேண்டும், முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்றாள். அதையும் செய்து பார்த்தாகிவிட்டது என்றார் அவர். கொஞ்சம் பேரை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்து, குண்டுக்குள் ஆள் இருக்கிறது என்று சத்தியம் செய்து சொல்லி ஆடவிட்டார்களாம். அத்தனை பேருக்கும் கை நடுங்கியது. இடமா வலமா என்று கண நேரம் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தில் குண்டு விழுந்தது. உண்மையைச் சொன்னால் விழுகிறது, சொல்லாவிட்டால் விழவில்லை, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். பூங்கோதை டிபன்பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள். மனசு உறுத்தியது. உறுத்தலோடு வேலைக்குப் போவது நமக்கெல்லாம் புதிதா என்ன, அவளும் மறுநாள் போனாள்.

அவளை இன்றைக்கு ஆட்டிவைத்தது வேறொரு விஷயம். தட்டு ஆடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அதில் பேச வழியில்லை, எழுத வழியில்லை. ஆகவே கிளம்புகிறவர்கள் போகும்முன் தங்கள் பக்கத்து விளிம்பைச் சடசடவென்று குலுக்குவார்கள். போயிட்டு வர்றேன் என்று அர்த்தம். கையாட்டு என்று அதற்குப் பெயர். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. மற்றவர்களும் பதிலுக்கு லேசாகக் குலுக்குவார்கள். இதைக் கவனித்த பூங்கோதை, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று மயங்கி, குலுக்கும்போது சலங்கைச் சத்தம் கேட்கும்படி செய்துவைத்தாள். அப்போது அவளுக்கு உண்மை தெரியாது. சலங்கை வந்தபிறகு குலுக்காமல் போகிறவர்களே இல்லை என்று ஆயிற்று. ஒருத்தர் குலுக்கினால் மற்ற ஏழு பேர் தாங்கிக்கொள்வார்கள், ஆளுக்கொரு நேரத்தில்தானே கிளம்புகிறார்கள் என்று சபாபதி சாரும் அதை அப்படியே விட்டுவிட்டார்.

ஆனால் இன்றைக்குப் போகிக்கு முந்தின நாள். தமிழ்நாட்டு ஆபீஸ்களும் காலேஜ்களும் ஒட்டுமொத்தமாகக் கிளம்புகிற சாயங்காலம். மலை ரோட்டுக்கு வண்டி விட்டபிறகு வருகிற முதல் பொங்கல் இதுதான். ஊருக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் தட்டைக் குலுக்கிவிட்டு எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு போய்த் தானோட்டியில் ஏறுகிறார்கள். குண்டுகள் கூடுகின்றன, பிடிக்கிற கைகள் குறைகின்றன. இதை யாருமே யோசிக்கவில்லை, மெத்தப் படித்த ஒருத்தரும் யோசிக்கவில்லை.

பூங்கோதை சபாபதி சாரின் மேஜைக்கு ஓடினாள். கண்ணாடிக் கதவில் கரும்பு கட்டியிருந்தது. கேன்டீன் பக்கம் வேட்டியும் பட்டுப்புடவையுமாகப் பொங்கல் பானையைச் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கை வண்டியில் இருக்கிறாள் என்று அவள் சொன்னதும் அவர் எதுவும் கேட்காமல் நகர்ந்து இடம் கொடுத்தார். வண்டி நம்பரைப் போட்டதும் திரையில் ஒரு சின்னத் தட்டு வந்தது. மலைரோட்டில் அட்டகட்டிக்கு மேலே எங்கோ நின்றுகொண்டிருந்த ஒரு லாரிக்கும் ரோட்டோரச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆட்டம் ஆரம்பித்திருந்தது.

குண்டு நிதானமாகத்தான் உருண்டது. பாதி வழியில் ஒரு விளிம்பு குலுங்கியது. யாரோ விடைபெறுகிறார்கள். அதைப் பார்த்த இன்னொருவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, அவரும் குலுக்கினார். பதிலுக்கு மூன்றாவது ஆள். குண்டு பள்ளத்தின் சுவரில் ஏறி, விளிம்பில் தத்தளித்து, விழப்போய், மிச்சம் இருந்தவர்களின் சாய்ப்பில் எப்படியோ திரும்பிப் பள்ளத்துக்குள் இறங்கியது. பூங்கோதையின் கையில் இருந்த போனில் தங்கை ‘அம்மா’ என்று அலறியது கேட்டது.

“மதி, மதி, என்னாச்சு?”

“அக்கா...” மதிவதனிக்கு மூச்சு வாங்கியது. “வண்டி ஏன்க்கா இப்படி ஆடுது? யாரோ புடிச்சுக் குலுக்கற மாதிரி இருக்குதுக்கா.”

ஒண்ணுமில்ல கண்ணு, ரோடு சரியில்ல, கண்ணை மூடிப் படுத்துக்கோ என்றாள் பூங்கோதை. திருமூர்த்தி போனை வாங்கி, சீட்டெல்லாம் ரத்தமாக இருக்கிறது என்று ரகசியம்போல் சொன்னான். அவன் அழுவது அவளுக்குத் தெரிந்தது.

வண்டியை ஓரம் கட்டிவிடலாமா என்றார் சபாபதி சார். அந்தப் பனியில், வளைவில், பின்னால் பண்டிகைக் கூட்டத்தோடு பஸ்கள் வரிசையாக இறங்கும்போது எங்கே ஓரம் கட்டுவது? கட்டினாலும் ரத்தம் காத்திருக்குமா? குலுக்குவதை மட்டும் எடுத்துப்போட முடியாதா என்று அவள் கேட்டாள். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். குலுக்கலும் சாய்ப்புதான், அவசரத்தில் உண்மையான சாய்ப்பும் குலுக்கல் மாதிரியே இருக்கும், இதை வடிகட்டினால் அதுவும் போய்விடும் என்றார். அவள் சலங்கைச் சத்தத்தை நிறுத்திப் பார்த்தாள். ஒரு பிரயோஜனமும் இல்லை. பழகின விரல் சத்தம் இல்லாமலே குலுக்கியது. திரையின் ஓரத்தில் பழகின கைகளின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்று இறங்கும்போதும் எங்கேயோ ஒரு தட்டு குலுங்கியது.

மனிதர்களை எழுந்து போகவிடாமல் உட்கார வைப்பதுதானே அவள் படித்த வித்தை. பரிசு என்று போட்டுவிடு, ஒரு மணி நேரம் இருப்பவர்களுக்கு ஏதாவது கொடுக்கிறோம் என்று சபாபதி சார் சொன்னார். பரிசு என்றால் ஒவ்வொருத்தனும் தான் தனியாக ஜெயிக்கப் பார்ப்பான், தட்டு எட்டுப் பக்கமும் இழுபடும் என்று அவளுக்குத் தெரியும். கெஞ்சலாம். யாருக்காகக் கெஞ்சுகிறோம் என்று சொல்லாமல் எப்படிக் கெஞ்சுவது? அவள் விசைப்பலகையை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். ஆட்டம் தொடங்கும் முன் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதினாள்.

‘இந்தக் குண்டுக்குள் ஒரு பெண் இருக்கிறாள். நிறைமாதம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தட்டைக் குலுக்காதீர்கள். கையை எடுக்காதீர்கள்.’

“கை நடுங்கும் கண்ணு” என்றார் சபாபதி சார்.

“குலுக்கறதுக்கு நடுங்கறது தேவலைங்க சார்.”

அவர் தடுக்கவில்லை. அவள் அனுப்பினாள். அனுப்பியபிறகுதான் பயம் முழுசாக வந்து உட்கார்ந்தது. கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்ன அந்தக் கொஞ்சம் பேருக்கு நடுங்கின கை இவர்களுக்கு மட்டும் நடுங்காதா? நானே என் தங்கையைத் தள்ளிவிட்டேனா? மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நிஜ ஆட்டம் வந்தது. பெரிய கட்டை ஒன்று குறுக்கே வந்தது, அங்கே பனிக்குள் பாறை சரிந்திருக்கிறதோ என்னவோ. எட்டு விளிம்புகளும் ஒரே நேரத்தில் மெல்லச் சாய்ந்தன. குண்டு பாறையை உரசாமல் நழுவிக் கடந்து போனது. ஆட்டம் முடிந்தது. ஒருத்தரும் குலுக்கவில்லை. பூங்கோதை எண்ணிக்கையைப் பார்த்தாள். இறக்கம் நின்றிருந்தது. சற்று நேரத்தில் ஏறத் தொடங்கியது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். புதியவர்கள் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்தும் ரயிலிலிருந்தும் நின்றுகொண்டே ஆடினார்கள்.

வளைவுக்கு வளைவு அப்படியே நடந்தது. அவ்வளவு பதமான கைகளை, முதல் நாளிலிருந்து இந்தத் திரையைப் பார்க்கிற சபாபதி சாரே பார்த்ததில்லை. எதிரே வந்த பஸ் ஒன்று வளைவில் மாட்டிக்கொண்டு திணறியபோது மட்டும் குண்டு விளிம்பு வரை போய் நின்றது. பூங்கோதை வாய்விட்டு முருகா என்றாள். தட்டு நிமிர்ந்தது, குண்டு திரும்பியது. போனில் திருமூர்த்தி, வண்டி இப்போது தொட்டில் மாதிரி போகிறது என்றும் மதி பேச்சுக் கொடுத்தால் ‘ம்’ போடுகிறாள் என்றும் சொல்லிக்கொண்டே வந்தான். மலையடிவாரத்து ஆழியாறு அணை தெரிகிறது என்று அவன் சொன்னபோதுதான் தான் நின்றுகொண்டே இருப்பதைப் பூங்கோதை கவனித்தாள். சபாபதி சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். இருட்டுகிற நேரத்தில் வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. ரத்தம் ஏற்றினார்கள், வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது.

செய்தி கேட்டு அழுது முடித்தபிறகுதான் பூங்கோதைக்கு அது தோன்றியது. ஏன் ஒருத்தர் கையும் நடுங்கவில்லை?

சபாபதி சார் ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தார். தன் போனை அவள் பக்கம் திருப்பினார். தட்டு ஆடுகிறவர்கள் ஊர் ஊராக எழுதித் தள்ளியிருந்தார்கள். பொங்கல் ஸ்பெஷல் வந்துவிட்டது. இந்தமுறை கதையெல்லாம் வைத்திருக்கிறார்கள், நிறைமாதக் கர்ப்பிணியாம், செம த்ரில். யோசித்த ஆளுக்கு மோதிரம் போட வேண்டும். எங்கள் ஹாஸ்டலே உட்கார்ந்து ஆடுகிறது, அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் ஊருக்குப் போவதில்லை.

“யாரும் நம்பல கண்ணு” என்றார் சபாபதி சார். “நம்பியிருந்தா விழுந்திருக்கும்.”

பண்டிகை முடிந்து ஆபீஸ் திறந்ததும் மேலிடத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். அனுமதி இல்லாமல் கை வைத்ததற்கு வேலை போகும் என்று நினைத்துத்தான் போனாள். போனால் கை கொடுத்தார்கள். அந்த ஒரு சாயங்காலத்தில் வந்த கூட்டம் அதற்குமுன் எந்த நாளும் வந்ததில்லையாம். இனிமேல் தினமும் ஒரு வரி போடுவது என்று முடிவாகியிருந்தது. இன்றைக்கு நெஞ்சு வலியோடு ஒரு தாத்தா, நாளைக்குப் பரீட்சைக்குப் போகிற பெண். பெயர் போடாமல், ஆனால் வண்டியில் நிஜமாக யார் இருக்கிறார்களோ அவர்களைப் பற்றியே. எல்லாம் உண்மையாகவே இருக்க வேண்டும் என்று வக்கீல்கள் கறாராகச் சொல்லிவிட்டார்களாம். உண்மையைச் சொல்லிவிட்ட பிறகு குண்டு விழுந்தால் அதைக் கம்பெனி தனியாகச் சுமக்க வேண்டியதில்லையே. தெரிந்துதானே எட்டுப் பேரும் கை வைத்தார்கள்.

“அவங்க நம்பலீங்க மேடம்” என்றாள் பூங்கோதை. “விளையாட்டுன்னு நெனைக்கறாங்க.”

மேலதிகாரி அம்மாள் கனிவாகத்தான் கேட்டார். “நீங்கதானே உண்மையச் சொல்லணும்னு சண்டை போட்டீங்க? சொல்லிட்டோம். இனி என்னம்மா பண்ணணும்?”

பூங்கோதை கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தாள். வெளியே யாரிடமாவது போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள். என்ன சொல்வது? தட்டு விளையாட்டின் குண்டுக்குள் நிஜ மனிதர்கள் இருக்கிறார்கள் என்றா? அதுதான் முதல் பக்கத்திலேயே இருக்கிறதே, ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. ஒரே ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தாள். நீங்கள்தான் அதை எழுதினதாமே, பிரமாதம் என்று அவர் பாராட்டிவிட்டுப் போனார்.

மாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை குழந்தையோடு இருக்கிற பிறந்த வீட்டுக்குப் பொள்ளாச்சி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். தானோட்டியில் ஏற அவளுக்கு மனசு வருவதில்லை. ஜன்னலோரம் ஒரு காலேஜ் பெண், போனில் தட்டு ஆடிக்கொண்டிருந்தாள். பார்க்கக்கூடாது என்றுதான் பூங்கோதை முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். கண் கேட்டால்தானே. குண்டு வளைந்து வளைந்து வந்து, ஒரு கட்டையைச் சுற்றி, உடைந்த ஓரத்தில் ஏறி, விழுந்தது.

“போச்சு, தாத்தா போயிட்டாரு” என்று அந்தப் பெண் சிரித்தாள். விரல் அதற்குள் அடுத்த ஆட்டத்தைத் தட்டியிருந்தது.

அது பயிற்சி ஆட்டமாக இருக்கலாம். பெரும்பாலும் பயிற்சிதான். பெரும்பாலும் வண்டி நின்றுவிடும். இவள் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும், ஒரே ஒருத்தியாவது நம்பட்டும் என்று பூங்கோதைக்கு ஆவேசம் வந்தது. “கண்ணு, நான் இந்தக் கம்பெனியிலதான் வேலை பாக்கறேன். அது நிஜம். உள்ள நெசமாவே ஆளு இருக்குது” என்றாள்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவளிடம் கேலி இல்லை. அவளுக்கு இவளைப் பிடித்துப்போயிருந்தது.

“தெரியுங்க்கா. அப்படி நெனச்சு ஆடினாத்தான் நல்லாருக்கும்” என்றாள். திரையைப் பார்த்துவிட்டு, சற்று நகர்ந்து போனை இருவருக்கும் நடுவில் பிடித்தாள். “இந்தாங்க, ஏழு பேருதான் இருக்கறோம், ஒரு கை குறையுது. உங்க போன்ல சீக்கிரம் தொறங்க. உள்ள ஒரு குழந்தை இருக்குதாம்.”

பூங்கோதை பையைத் திறந்து போனை எடுத்தாள்.